வயதான ஈக்களும் ஜப்பார் மோதினாரும்

பேகம்பூர்ப் பக்கம் அந்தச் சந்தில் ஹுஸ்னாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ஈ டாக்டர். அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்கினால்தான் அந்தச் சொல் பெயருக்கு முன்னால் ஒட்டும். அதுவரை சந்து பொறுத்திருக்குமா? எம்.எஸ்சி. முடித்த பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் நத்தம் ரோட்டுக் கல்லூரிக்கு அனுப்பி ஈ வளர்க்க விட்டிருக்கிறாரே தகப்பன் ஜப்பார் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் வருத்தம். "ஒம்மக என்னத்தப் படிக்குது?" என்று யாராவது கேட்டால், தாயார் குர்ஷித் பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "தூக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி" என்பார். ஈ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க யாராலும் முடிந்ததில்லை.

அவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஹுஸ்னா பார்ப்பது ஈயின் தூக்கத்தை. அதிலும் வயதான ஈயின் தூக்கத்தை. அழுகிய கொய்யாவைக் கண்டால், கனிந்த வாழைத்தாரைக் கண்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளைவிடச் சற்றே பெரிதாக, சிவந்த கண்ணோடு, அந்தப் பழ ஈதான். இரண்டு மாதம் இருந்தால் அதற்கு நிறைந்த ஆயுள். மனிதனுக்கு எழுபது ஆண்டில் நடப்பது அதற்கு எட்டே வாரத்தில் நடந்து முடிகிறது. மூப்பைப் பார்க்க விரும்பும் ஆராய்ச்சிக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஆனால் ஈயைக் கிழமாக்குவது லேசான வேலை இல்லை. அவசரப்படுத்த முடியாது. மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் கடல்பாசியும் சேர்த்துத் தீனி காய்ச்சிப் புட்டிகளில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை பழைய புட்டியிலிருந்து புதிய புட்டிக்கு ஈக்களைத் தட்டி மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம், காய்ச்சல் எதையும் அது கேட்காது. நோன்பு மாதத்தில் வீட்டில் பாலும் சர்க்கரையும் விட்டுக் கடல்பாசி காய்ச்சும்போதெல்லாம் குர்ஷித் பேகத்துக்கு இதே சரக்கைத்தான் மகள் அங்கே ஈக்களுக்குக் காய்ச்சுகிறாள் என்ற நினைப்பு வந்துவிடும். முகத்தைச் சுளித்துக்கொண்டே கிண்டுவார்.

ஈக்கள் கிழமானதும் வேலை தொடங்கும். பென்சிலைவிட மெலிந்த கண்ணாடிக் குழாய். ஒரு குழாய்க்கு ஒரு ஈ. ஒரு முனையில் தீனி, மறுமுனையில் பஞ்சு. குழாயின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று குறுக்கே ஓடும். ஈ நடந்து அதைக் கடந்தால் கணினியில் ஒரு கோடு விழும். ஐந்து நிமிடம் கோடே விழவில்லை என்றால் ஈ தூங்குகிறது என்று கணக்கு. இப்படி வரிசை வரிசையாகக் குழாய்களை அடுக்கி, விளக்கும் சூடும் சொன்னபடி கேட்கிற ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஹுஸ்னா நாள்கணக்கில் கோடுகளைப் படிப்பாள்.

இளம் ஈயின் கோடுகளைப் பார்க்க அழகாக இருக்கும். ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கும். பெட்டிக்குள் விளக்கு எரிவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே, யாரும் எழுப்பாமல், எழுந்து நடமாடத் தொடங்கிவிடும். விடியப்போகிறது என்று அதற்குத் தெரியும். கிழ ஈக்கு அது தெரிவதில்லை. அதன் ராத்திரி துண்டு துண்டாகக் கிடக்கும். கொஞ்சம் தூங்கும், விழிக்கும், நடக்கும், மறுபடி ஒடுங்கும். பகலில் நடமாட வேண்டிய நேரத்தில் மூலையில் அசந்து நிற்கும். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் நின்றுபோய்விட்டதா என்றால், அப்படியும் சொல்ல முடியவில்லை. உள்ளே அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது சொல்லும் நேரம்தான் உடம்புக்குச் சரிவரப் போய்ச்சேரவில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பகலைப் பளிச்சென்ற பகலாகவும் ராத்திரியைக் குளிர்ந்த, கும்மிருட்டான ராத்திரியாகவும் அழுத்திக் காட்டினால் கிழ ஈ தேறுமா என்பதுதான் ஹுஸ்னாவின் ஆராய்ச்சி. தேறியது. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் ஓரிரு நாளில் பழையபடி ஆனது. சில ஈக்கள் பழையதைவிடச் சீரழிந்தன.

இந்தக் கோடுகளை அவள் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் வீட்டில் அவளுடைய அத்தா ஜப்பாரின் தூக்கம் கெடத் தொடங்கியது.

அப்துல் ஜப்பார் அந்தச் சந்தின் சின்னப் பள்ளிவாசலுக்கு மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவர். ஹுஸ்னா பிறப்பதற்கு முன்பே அந்த மைக்கைப் பிடித்தவர். வயது எழுபதைத் தொட்டுவிட்டது, குரல் மட்டும் தொடவில்லை. அலாரம் என்ற சாமான் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. விடியற்காலைச் சுபுஹுக்கு அவர் தானாக எழுவார். அவர் எழுந்து பாங்கு சொன்னால் சந்து எழும். இன்றைக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, போனே பாங்கு சொல்கிறது. இருந்தாலும் ஜப்பார் பாய் வாய் திறந்தால்தான் நேரம் ஆனதாக அர்த்தம். போன் முந்திக்கொண்டு கூவினால் பெண்கள் அதை அமுக்கிவிட்டு அவர் குரலுக்குக் காத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவர் ராத்திரியில் விழித்துக் கிடக்க ஆரம்பித்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் உளூவுக்குத் தண்ணீர் மொள்ளும் சத்தம் அகாலத்தில் கேட்கும். பகலில் லுஹர் பாங்கு சொல்லிவிட்டு வந்து சாய்ந்தால் குறட்டை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளித் தூணில் சாய்ந்தால் அங்கேயும் தலை தொங்கும். சோற்றில் கையை வைத்துக்கொண்டே ஒருநாள் கண் அயர்ந்தார். குர்ஷித் பேகம் வயசுக்காலம் என்றார். ஹுஸ்னா கணினியில் பார்த்துப் பழகிய கோடுகள் இப்போது வீட்டுப் பாயில் விழுந்துகொண்டிருந்தன. அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. பெற்ற தகப்பனைக் குழாய்க்குள் இருப்பதைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கிய முதல் ராத்திரி ஜப்பார் நன்றாகத் தூங்கினார். மறுநாள் சுபுஹு பாங்கை இமாம் சொல்லும்படி ஆயிற்று. அவர் வாழ்நாளில் தப்பிய முதல் சுபுஹு அது. மாத்திரை அட்டையை அன்றைக்கே குப்பைத் தொட்டியில் போட்டார். "பகல்ல தூங்காதீங்கத்தா, ராத்திரித் தூக்கம் வரும்" என்று ஹுஸ்னா கெஞ்சிப் பார்த்தாள்.

"லுஹருக்கு முன்னப்பின்ன செத்த நேரம் கண்ணை மூடுறது சுன்னத்தும்மா. ரசூலுல்லா செஞ்சு காட்டுன வழி" என்றார் அவர்.

இதற்கு மேல் ஆராய்ச்சி பேச முடியுமா? சரி, வெளிச்சமாவது படட்டும் என்று, காலையில் கல்லூரி பஸ் ஏறும் முன் அவரை மலைக்கோட்டை அடிவாரம் வரை வெயிலில் நடத்திக் கூட்டிப்போனாள். அவரும் மகளுக்காக வந்தார். கொஞ்சம் குணம் தெரிந்தது. குறட்டை குறைந்தது; ராத்திரித் தண்ணீர்ச் சத்தமும் பின்னுக்குப் போயிற்று. ஹுஸ்னா சந்தோஷப்பட்டாள். அதற்குள் ரமலான் பிறந்துவிட்டது.

நோன்பு மாதத்தில் இளவட்டங்களுக்கே தூக்கம் கலையும். இஷா என்னும் ராத்திரித் தொழுகைக்குப் பிறகு நெடுந்தொழுகை, விடியுமுன் உண்ணும் சஹர் உணவுக்கு எழுவது, சுபுஹு தொழுதுவிட்டுப் படுப்பது என்று ராத்திரி மூன்று துண்டாகிவிடும். காலை நடை நின்றுபோனது. பட்டினியோடு வெயிலில் நடக்கச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. ஜப்பார் முன்னைவிட மோசமாக அசந்தார். அதிலும் விடியப்போகும் நேரத்தில்தான் உடம்பு தூக்கத்தைக் கேட்டது. அவர் எப்படியோ எழுந்து ஓடினார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிய நாளும் உண்டு.

நோன்பின் முதல் பத்து நாள் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. மாசி வெயிலில் வெந்துகிடந்த ஊருக்கு எதிர்பாராத மழை. முதல் இடிக்கே கரண்டு போயிற்று. பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சி வாங்க ஆட்கள் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சி கொடுத்தால் கேட்கும் என்று பக்கத்துத் தெரு இந்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். உள்ளே தூணில் சாய்ந்திருந்த ஜப்பார் அஸர் முடிந்ததிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை. மோதினாரை எழுப்பிப் பழக்கம் யாருக்கும் இல்லை.

அவர் கண் விழித்தபோது சுற்றிலும் இருட்டு. நேரம் காட்டும் மின்பலகை அணைந்து கிடந்தது. முற்றத்தில் பாத்திரச் சத்தம், ஆள் நடமாட்டம். சுவரில் தொங்கிய பழைய கடிகாரத்தில் சின்ன முள் ஆறுக்குப் பக்கத்தில் நின்றது. ஆறை நெருங்குகிறதா ஆறைத் தாண்டிவிட்டதா என்று நிதானிக்கும் நிலையில் அவர் இல்லை. ஊரே பசியோடு தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் தூங்கிவிட்டேன் என்ற ஒரே பயம். எழுந்த வேகத்தில் மைக்கைப் பிடித்தார். கரண்டு போனாலும் பாங்கு நிற்கக்கூடாது என்று அதற்கு மட்டும் இன்வெர்ட்டர் வைத்திருந்தார்கள்.

கல்லூரியிலிருந்து திரும்பிய ஹுஸ்னா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சந்துமுனைக்கு வந்திருந்தாள். "அல்லாஹு அக்பர்" என்று அத்தாவின் குரல் எழுந்தது. அந்தக் குரலில் பிசிறே இல்லை. அவள் போனைப் பார்த்தாள். ஆறு மணிகூட ஆகவில்லை. நோன்பு திறக்கும் மஃக்ரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சந்தில் அத்தனை பேரில் என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. மழையில் ஓடினாள். எங்கே ஓடுகிறோம், போய் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் ஓடினாள்.

மூன்றாவது வரிக்கு அவர் மூச்சு இழுத்தபோது ஒலிபெருக்கியில் இன்னொரு குரல் விழுந்தது. முத்தவல்லி இஷாக்கின் குரல். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் பொறுப்பு. "பாய்! நிறுத்துங்க பாய்! இன்னும் நேரம் ஆகல!"

மைக்கை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை. அதனால் ஜப்பார் திருப்பிக் கேட்டதும் சந்து முழுக்கக் கேட்டது.

"ஆகலையா?"

அவ்வளவுதான். அதன்பிறகு ஒலிபெருக்கியில் மழைச் சத்தம் மட்டும் வந்தது.

வாயில் பேரீச்சம்பழத்தை வைத்தவர்கள் துப்பினார்கள். விழுங்கியவர்கள் விழுங்கினதுதான். கரண்டு இல்லாத இருட்டு வீடுகளில் விழுங்கியவர்கள்தான் அதிகம். தெரியாமல் நடந்ததற்குப் பாவம் இல்லை, ரமலான் கழிந்தபின் ஒரு நோன்பைக் களாவாகப் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று இமாம் விளக்கிச் சொன்னார். ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஓரிருவர் முணுமுணுத்தார்கள், அதற்கு மேல் இல்லை. ஜப்பாருக்கு யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்திருக்கும். தொழுகை முடிந்ததும் நனைந்த ஜிப்பாவோடு வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்டார். ஹுஸ்னா குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் குடைக்குள் வரவில்லை.

இஷாக் வீட்டில்தான் அவர் உடைந்தார். இஷாக்கின் தாயார் எண்பதைத் தாண்டியவர். சர்க்கரை நோய்க்காரி, நோன்பு கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேளாமல், முதல் பத்தையாவது முழுசாகப் பிடித்துவிடுகிறேன், அடுத்த வருஷம் இருப்பேனோ மாட்டேனோ என்று பிடித்துக்கொண்டிருந்தவர். பாங்கு கேட்டதும் கஞ்சியை எடுத்தார். மருமகள் போனைக் காட்டி, இன்னும் நேரம் இருக்கிறது என்று கையைப் பிடித்தாளாம். "ஜப்பார் சொல்லிட்டான். ஒம் போனு என்ன சொன்னா எனக்கென்ன?" என்று குடித்துவிட்டார்.

ஜப்பார் வாசலில் நின்று மாப்புக் கேட்டபோது அந்த அம்மாள் கோபப்படவில்லை. மெல்லச் சொன்னார்: "நீ சொல்லித்தானப்பு இம்புட்டு வருசமா வாயில தண்ணி வச்சேன். இனிமே நான் யாரக் கேட்டு வைக்க?"

வீட்டுக்கு வந்து ஜப்பார் அழுதார். அவர் அழுது ஹுஸ்னா பார்த்ததே இல்லை.

மறுநாளிலிருந்து பாங்கை அவரேதான் சொன்னார்; ஆனால் ஒவ்வொரு வேளையும் இஷாக்கோ வேறு யாரோ பக்கத்தில் போனோடு நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகள் கூடிப் பேசப்போகிறார்கள் என்று சேதி வந்தது. ஹுஸ்னாவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை ஓடவில்லை. அவளுடைய பேராசிரியர் அறிவுச்செல்வி கண்டிப்பான பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "என்னடி, தீனியில ஈஸ்ட்டே போடாம காய்ச்சி வச்சிருக்க?" ஹுஸ்னா எல்லாவற்றையும் சொன்னாள்.

"பள்ளிவாசல்லேர்ந்து என்னைய வந்து கேட்டா என்ன மேடம் சொல்ல?"

"ஈயைப் பத்திக் கேட்டா சொல்லு. மனுசனைப் பத்திக் கேட்டா டாக்டர்ட்ட போகச் சொல்லு."

நல்ல பதில்தான். ஆனால் சந்தில் அது செல்லுபடியாகாது என்று ஹுஸ்னாவுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இஷாக் வீடு தேடி வந்தார். தோல் மண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர். ஜப்பாரைவிட இளையவர், அவரை அண்ணன் இடத்தில் வைத்திருப்பவர். ஜப்பார் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்விட்டார். திரைக்குப் பின்னால் ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. இஷாக் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"ஹுஸ்னாம்மா, ஒன்ட்டத்தான் பேச வந்தேன். பள்ளியில கூடுன எல்லாரும் ஒண்ணத்தான் கேக்குறாக. இது ஒருநாள் தப்பா, இல்ல இனிமே இப்படித்தானா? டாக்டர்ட்ட கேட்டா மாத்திரைய எழுதுறாரு, பதில் சொல்ல மாட்டேங்குறாரு. நீ இதையேதானம்மா அஞ்சு வருசமாப் படிக்கிற?"

"நான் படிக்கிறது ஈ, மாமா."

"ஈயென்ன, மனுசனென்ன? வயசானா தூக்கம் கெடுது. ரெண்டும் அல்லாவோட படைப்புத்தான?" இஷாக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேளு. சரியாயிரும்னு நீ ஒரு வார்த்த சொல்லு. படிச்ச புள்ள சொல்லிருச்சுன்னு நான் போய் அடிச்சுப் பேசுறேன். என் உசுரு இருக்குற வரைக்கும் அண்ணனை மாத்த விட மாட்டேன்."

தஸ்பீஹ் சத்தம் நின்றிருந்தது.

சரியாகிவிடும் என்ற ஒரு வார்த்தையை இஷாக் தட்டில் வைத்து ஹுஸ்னாவிடம் நீட்டுகிறார். எடுத்துக்கொண்டால் அத்தாவுக்கு மைக் மிஞ்சும். அதற்கு மேலும் ஒன்று அவளுக்குத் தெரியும், இஷாக்குக்குத் தெரியாது. அத்தாவின் கலைந்த நாளை இன்றைக்கும் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது என்றால், அது அந்த ஐந்து பாங்குதான். பெட்டிக்குள் அவள் அழுத்திக் காட்டிய வெளிச்சமும் இருட்டும் போல. அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று அவளே குழாய் குழாயாகப் பார்த்திருக்கிறாள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இன்னொரு சாயங்காலம் மேகம் கருக்கும். இல்லாவிட்டால் சஹர் முடிந்துவிட்டது என்று அறிவிக்க வேண்டிய நேரத்தில் அவர் அசந்து கிடப்பார், ஊர் தின்றுகொண்டே இருக்கும். மறுபடி அவர் வீடு வீடாகப் போவார். அந்த நடையை இன்னொரு தடவை அவரால் தாங்க முடியாது.

"சரியாகாது மாமா" என்றாள். "போன தூக்கம் திரும்பி வராது. வெளிச்சம், நடை, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் குடுத்தா கொஞ்சம் பிடிச்சு வைக்கலாம். எம்புட்டு நாளைக்குன்னு சொல்ல முடியாது. மறுபடி தப்பு வரும்."

இஷாக் தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா மாமா, பாங்கை மொத்தமா எடுத்துட்டீங்கன்னா அத்தா இன்னும் சீக்கிரமா ஒடிஞ்சுருவாக. இதுவும் நான் பாத்ததுதான். லுஹர் ஒண்ணையாவது அவுகளுக்கு விடுங்க. பட்டப்பகல்தான, பக்கத்துல யாராச்சும் நின்னுக்கட்டும். அதுல யாரு நோன்பும் கெடாது."

"பெருநாள் கழியட்டும்மா. கேட்டுப் பாக்குறேன்" என்றார் இஷாக். நாலு பேரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும் என்பதும் அந்தக் குரலில் இருந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "அப்பப் பேசி வச்சபடி இன்னைக்கு மஃக்ரிபிலேர்ந்து பைசல் சொல்லுவான். ஓதத் தெரிஞ்ச பையன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

குர்ஷித் பேகம் அடுப்படியிலிருந்து வந்தார். "பெத்த அத்தாவக் காட்டிக் குடுத்துட்டியேடி. ஒரு வார்த்த, ஒரே வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரல. இதுக்கா படிக்க வச்சாரு?" என்றார். அம்மா கேட்டது ஹுஸ்னாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. தான் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டுக்கும் நடுவில் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

உள் அறையிலிருந்து ஜப்பார் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அஸர் பாங்குகூட இமாம்தான் சொன்னார்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. குர்ஷித் பேகம் பாயை விரித்துப் பேரீச்சம்பழம், வடை, கடல்பாசி, பள்ளியிலிருந்து இஷாக் தூக்குவாளியில் அனுப்பிவைத்த கஞ்சி எல்லாவற்றையும் பரப்பினார். ஜப்பார் உளூச் செய்துவிட்டு வந்து பாயின் ஓரத்தில் விருந்தாளியைப் போல உட்கார்ந்தார். அப்போதுதான் ஹுஸ்னாவுக்கு உறைத்தது. இந்த முப்பத்தொரு வயதுக்குள் அவள் அத்தாவோடு உட்கார்ந்து நோன்பு திறந்ததே இல்லை. எல்லா வீட்டிலும் தகப்பன்மார் இருக்கும் அந்த நேரத்தில் அவளுடைய அத்தா மட்டும் மைக்கின் முன்னால் நின்றிருப்பார். சின்ன வயதில், முதல் நோன்பு பிடித்த அன்று, அத்தா வந்தால்தான் வாயில் வைப்பேன் என்று அடம்பிடித்து அடி வாங்கியிருக்கிறாள். இன்றைக்கு எதிரில் இருக்கிறார். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பைசலின் குரல் எழுந்தது. நல்ல குரல்தான், பயத்தில் கொஞ்சம் ஓடியது. பேரீச்சம்பழத்தை எடுத்த கையை ஜப்பார் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் எப்போதும் வாயில் வைப்பார். இன்றும் பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் உதடு அசைய, கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை காத்திருந்தார். தாயும் மகளும் அவரோடு காத்திருந்தார்கள். முடிந்ததும் பழத்தைத் தின்றார், தண்ணீர் குடித்தார். கஞ்சியை ஹுஸ்னா ஊற்றினாள். கிண்ணத்தை வாங்கியவர் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்குறேன். விடியப்போற நேரம் பாத்து அசந்துருது. பாங்கு சொல்லணுமேங்கற பயத்துலதான் இம்புட்டு நாளும் எந்திரிச்சு ஓடுனேன்" என்றார். மனைவியிடமா மகளிடமா என்று தெரியவில்லை. "இனிமே நான் எந்தப் பயத்துல எந்திரிக்க? நாளைக்குச் சஹருக்கு என்னைய யாரு எழுப்புவா?"

குர்ஷித் பேகம் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அந்த மனிதரை அவர் ஒருநாளும் எழுப்பியதில்லை.

"நான் எழுப்புறேன்த்தா" என்றாள் ஹுஸ்னா.

மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஜப்பார் மகளை நேராகப் பார்த்தார். கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

"கூப்ட்டு எழுப்பு" என்றார். "லைட்டப் போட்டு எழுப்புறதுக்கு நான் ஒன் ஈ இல்ல."

"கூப்ட்டே எழுப்புறேன்த்தா."

அவர் கஞ்சியைக் குடிக்கத் தொடங்கினார்.